பொதுப் பிரிண்டரில் யாருக்கு அனுமதி, யாருக்கு முன்னுரிமை?

கேள்வி இதுதான்: சுமார் 40 பேர் இருக்கும் அலுவலகம். நெட்வொர்க்கில் ஒரு கருப்பு-வெள்ளை லேசர், ஒரு கலர் லேசர். யாராவது 200 பக்க ஃபைலை அனுப்பிவிட்டால் பில்லிங் கவுன்டரில் வாடிக்கையாளர் நிற்கும்போது இன்வாய்ஸ் வருவதில்லை. கலரை எல்லோரும் இஷ்டத்துக்கு எடுக்கிறார்கள். பில்லிங் கணினியில் பிரையாரிட்டி (முன்னுரிமை எண்) 99 வைத்தும் பயனில்லை.

99 வேலை செய்யாததற்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான். ஒவ்வொரு கணினியிலும் பிரிண்டரின் ஐபி முகவரியைக் கொடுத்து நேரடியாக இன்ஸ்டால் செய்திருப்பார்கள். அப்படியென்றால் 40 கணினியில் 40 தனி வரிசை. பில்லிங் கணினியில் வைத்த 99 அந்தக் கணினியிலிருந்து போகும் ஃபைல்களுக்குள் மட்டும்தான் செல்லும். பக்கத்து மேசையின் வரிசை அதற்குத் தெரியாது. பிரிண்டர் தன்னிடம் எது முதலில் வந்து சேர்ந்ததோ அதை அடிக்கும்.

ஆகவே முதல் வேலை, எல்லா பிரிண்டும் ஒரே கணினி வழியாகப் போகும்படி செய்வது. விண்டோஸ் சர்வர் இருந்தால் அதில் பிரிண்ட் சர்வர் ரோலை (எல்லோருடைய பிரிண்டையும் வாங்கி அனுப்பும் வசதி) சேர்த்துவிடுங்கள். விண்டோஸ் 10 அல்லது 11 கணினி ஒன்றை ஷேர் செய்தும் சமாளிக்கலாம். ஆனால் அதில் ஒரே நேரத்தில் 20 இணைப்புக்கு மேல் ஏற்காது. 40 பேருக்கு அது பத்தாது, காலை 10 மணிக்கே தகராறு தொடங்கிவிடும்.

பிரிண்டரின் ஐபி மாறாமல் இருக்க டிஹெச்சிபியில் (ஐபி முகவரிகளைத் தானாக வழங்கும் வசதி) ரிசர்வ் செய்துகொள்ளுங்கள். சர்வரில் சேர்க்கும்போது விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துத் தரும் டபிள்யூஎஸ்டி போர்ட்டை ஏற்காதீர்கள் (போர்ட் என்பது இங்கே சர்வர் பிரிண்டரை அடையும் வழி). ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்டை நீங்களே உருவாக்குங்கள். பிரிண்டர் நன்றாக இருந்தும் 'ஆஃப்லைன்' என்று காட்டினால், அதே போர்ட்டின் கான்ஃபிகர் பக்கத்தில் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் (பிரிண்டரின் நிலையை விசாரிக்கும் வசதி) டிக்கை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இப்போது முன்னுரிமை. விண்டோஸில் 'பிரிண்டர்' என்பது மெஷின் அல்ல, ஒரு வரிசை. ஒரே மெஷினுக்கு எத்தனை வரிசை வேண்டுமானாலும் வைக்கலாம். அதே போர்ட்டைக் காட்டி, அதே டிரைவரை வைத்து இரண்டாவது முறை பிரிண்டரைச் சேருங்கள். ஒன்றுக்கு 'பொது', இன்னொன்றுக்கு 'பில்லிங்' என்று பெயர். பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு டேபில் பிரையாரிட்டி இருக்கும். 1 மிகக் குறைவு, 99 மிக அதிகம், எதுவும் தொடாவிட்டால் 1. பொதுவை 1-லேயே விட்டு பில்லிங்குக்கு 50 கொடுங்கள். எடுத்த எடுப்பில் 99 கொடுத்துவிட்டால் நாளைக்கு எம்.டி. அறைக்கு அதற்கு மேல் இடம் இருக்காது, அந்தக் கோரிக்கை வராமலும் இருக்காது.

இரண்டு வரிசையும் ஒரே சர்வரில், ஒரே போர்ட்டில் இருந்தால்தான் இந்த எண்ணுக்கு மதிப்பு. இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும் வேலையை இது வெட்டாது. அது முடிந்த பிறகு அடுத்து எது என்பதை மட்டுமே தீர்மானிக்கும். நிமிடத்துக்கு 30 பக்கம் அடிக்கும் மெஷினில் 200 பக்க ஃபைல் தொடங்கிவிட்டால், எவ்வளவு பெரிய பிரையாரிட்டி வைத்தாலும் இன்வாய்ஸ் ஏழு நிமிடம் நிற்கத்தான் வேண்டும். ஹார்ட் டிஸ்க் உள்ள பெரிய மெஷின்கள் வருகிற ஃபைல்களை அடிப்பதற்கு முன்பே உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். அப்படி உள்ளே போய்விட்ட ஃபைல்கள் மீது சர்வருக்கு அதிகாரம் இல்லை. செட்டிங் சரியாக இருந்தும் வரிசை மாறவில்லை என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அதனால் பெரிய ஃபைல்களுக்கு மூன்றாவதாக ஒரு வரிசை வைப்பது நல்லது. அட்வான்ஸ்டு டேபிலேயே 'அவைலபிள் ஃப்ரம்' என்று நேரம் கொடுக்கலாம்: மாலை 6 முதல் காலை 8 வரை என்று வைத்தால், பகலில் அனுப்பியது சர்வரில் காத்திருந்து 6 மணிக்குத் தானே ஓடும். கிளம்பும்போது டிரேயில் தாள் நிரப்பும் பொறுப்பை யாரிடமாவது ஒப்படையுங்கள். 250 தாள் பிடிக்கும் டிரேயில் பாதி இருக்க 400 பக்கம் அனுப்பினால், காலையில் வந்து பார்க்கும்போது தாள் இல்லை என்ற அறிவிப்போடு முழு வரிசையும் நின்றிருக்கும்.

அதே டேபில் 'கடைசிப் பக்கம் ஸ்பூல் ஆன (சர்வரில் வந்து சேர்ந்த) பிறகு தொடங்கு' என்ற பொருளில் இருக்கும் தேர்வை வையுங்கள். உடனே தொடங்கு என்று இருந்தால், கனமான எக்செல் ஷீட் ஒன்று பக்கம் பக்கமாகத் தயாராகும் நேரம் முழுக்க மெஷினைப் பிடித்து வைத்திருக்கும்.

அனுமதிக்கு செக்யூரிட்டி டேப். ஆரம்பத்தில் 'எவ்ரிஒன்' குழுவுக்கு பிரிண்ட் அனுமதி இருக்கும். பில்லிங் வரிசையில் எவ்ரிஒன்னை நீக்கிவிட்டு, பில்லிங் பிரிவுக்கென ஒரு குழு உருவாக்கி அதற்கு மட்டும் பிரிண்ட் கொடுங்கள். எவ்ரிஒன்னுக்கு 'டினை' (மறுப்பு) டிக் போட்டுவிட்டு பில்லிங்குக்கு 'அலவ்' (அனுமதி) போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அலவ்வை டினை ஜெயிக்கும்; பில்லிங்காரர்களும் எவ்ரிஒன்னில் அடக்கம் என்பதால் யாருக்குமே பிரிண்ட் வராது. ஷேர் பெயரின் கடைசியில் டாலர் குறி சேர்ப்பதைச் சிலர் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். பட்டியலில் கண்ணில் படாது, அவ்வளவுதான். பெயர் தெரிந்தவர் இணைத்துக்கொள்ளலாம். ஒருவரைக் குழுவில் புதிதாகச் சேர்த்தால் அவர் லாக் ஆஃப் செய்து திரும்ப உள்ளே வந்தால்தான் அனுமதி செல்லும்.

மாட்டிக்கொண்ட ஃபைலை நீக்க ஒவ்வொரு முறையும் ஐடி ஆளைக் கூப்பிடாமலிருக்க, பிரிவுக்கு ஒருவருக்கு 'மேனேஜ் டாக்குமென்ட்ஸ்' கொடுக்கலாம். 'மேனேஜ் திஸ் பிரிண்டர்' வேண்டாம், அதில் அனுமதிகளையே மாற்றிவிடலாம். மேனேஜ் டாக்குமென்ட்ஸ் அனுமதி, அதைக் கொடுத்த பிறகு வரும் ஃபைல்கள் மீதுதான் செல்லும். ஏற்கெனவே வரிசையில் நிற்பதை அவரால் நீக்க முடியாது. அன்றைக்கே சோதித்துப் பார்த்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கலர் விஷயத்தில் விண்டோஸ் அனுமதிக்குக் கலர், கருப்பு-வெள்ளை என்ற பேதமே கிடையாது. கலர் மெஷினுக்கு இரண்டு வரிசை வைத்து ஒன்றில் டீஃபால்ட்டாகக் கருப்பு-வெள்ளை வைக்கலாம். ஆனால் பயனர் பிரிஃபரன்ஸுக்குள் போய் கலரை மாற்றிக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது. உண்மையான பூட்டு மெஷினிலேயே இருக்கிறது: கேனனில் டிபார்ட்மென்ட் ஐடி, ரிக்கோவில் யூசர் கோட், கியோசெராவில் ஜாப் அக்கவுண்டிங், ஹெச்பி கலர் லேசர்களில் ரெஸ்ட்ரிக்ட் கலர். உங்கள் மாடலில் எது இருக்கிறதோ அதை இயக்கி, கலர் தேவைப்படும் நான்கைந்து பேருக்கு மட்டும் திறந்து விடுங்கள். சம்பளப் பட்டியல் மாதிரி ரகசியத் தாள்களை ரகசிய எண் (PIN) போட்டு நிறுத்தி வைக்கும் வசதி இதே மெஷின்களில் பெரும்பாலும் உண்டு.

இவ்வளவும் செய்து பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்து வைத்தால் வீண். பிரிண்டரின் ஐபியை பிரவுசரில் அடித்தால் அதன் நிர்வாகப் பக்கம் வரும். முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பல மெஷின்களில் அது காலியாகவே கிடக்கும். பிறகு ஆக்சஸ் கன்ட்ரோல் பட்டியலில் சர்வரின் ஐபியை மட்டும் அனுமதியுங்கள். கூடவே உங்கள் கணினியின் ஐபியையும் சேர்க்க மறந்தால் உங்கள் கணினியிலிருந்து நீங்களே வெளியே நிற்க நேரலாம், அப்போது சர்வரில் போய்த்தான் அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும். வைஃபை டைரக்ட், ஏர்பிரிண்ட், உபயோகிக்காத எஃப்டிபி பிரிண்டிங் எல்லாவற்றையும் அணையுங்கள். சர்வருக்கும் மெஷினுக்கும் இடையே 9100 போர்ட் (பிரிண்ட் தரவு போகும் நெட்வொர்க் வாசல்) மட்டும் திறந்திருந்தால் பெரும்பாலும் போதும்.

கணினிகளில் பழைய நேரடிப் பிரிண்டர்களை நீக்கிவிட்டு, சர்வர் வரிசையை குரூப் பாலிசி (எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து செட்டிங் அனுப்பும் விண்டோஸ் வசதி) வழியாகக் கொடுங்கள். அதன் ஆக்ஷனில் 'ரீபிளேஸ்' வேண்டாம், 'அப்டேட்' வையுங்கள். ரீபிளேஸ் ஒவ்வொரு முறையும் பிரிண்டரை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்ப்பதால் லாகின் மெதுவாகும். 2021-இல் வந்த பிரிண்ட்நைட்மேர் என்ற விண்டோஸ் பாதுகாப்பு ஓட்டையை அடைத்த பிறகு, சர்வரிலிருந்து டிரைவர் இறக்க அட்மின் உரிமை கேட்கும். அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லும் யூடியூப் யோசனைகளைக் கேட்காதீர்கள். டிரைவரை முன்கூட்டியே எல்லாக் கணினியிலும் போட்டுவிடுவதே நல்லது.

வரிசை எண் சரி, அனுமதி சரி, ஆனாலும் எல்லாம் நின்றுபோகிறது என்றால் மெஷினின் திரையைப் பாருங்கள். நம் ஊரில் முக்கால்வாசி நேரம் அதில் லெட்டர் சைஸ் தாளைக் கேட்டுக்கொண்டிருக்கும். இணையத்திலிருந்து இறக்கிய ஃபைலில் தாள் அளவு லெட்டர், டிரேயில் இருப்பது ஏ4. ஒருவருடைய ஃபைலுக்காகப் பின்னால் உள்ள அத்தனை பேரும் நிற்பார்கள். ஹெச்பியில் 'ஓவர்ரைடு ஏ4/லெட்டர்' என்ற செட்டிங்கை 'யெஸ்' ஆக்கினால் கேட்காமல் ஏ4-இல் அடித்துவிடும்.

சர்வர் வாங்க பட்ஜெட் இல்லையென்றால் பழைய கணினி ஒன்றில் லினக்ஸும் கப்ஸும் (CUPS, லினக்ஸின் பிரிண்ட் சர்வர் மென்பொருள்) போதும். அதில் பிரையாரிட்டி 1 முதல் 100, டீஃபால்ட் 50. யார் பிரிண்ட் எடுக்கலாம் என்பதை அதன் வலைப்பக்கத்திலேயே கொடுக்கலாம். ஆனால் பாஸ்வேர்டு சரிபார்ப்பை இயக்காவிட்டால், கணினி என்ன பெயர் சொல்கிறதோ அதை அப்படியே நம்பிவிடும்.

கடைசியாக, யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் சர்வரின் ஈவன்ட் வியூவரில் (விண்டோஸின் பதிவேடு) பிரிண்ட்சர்வீஸின் ஆப்பரேஷனல் லாகை இயக்குங்கள். அது ஆரம்பத்தில் அணைந்திருக்கும். ஒவ்வொரு பிரிண்டுக்கும் 307 என்ற எண்ணில் பயனர் பெயர், எந்த வரிசை, எத்தனை பக்கம் என்று பதிவாகும். அந்த லாகுக்கு ஒதுக்கிய அளவைக் கூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் பழைய பதிவுகள் அழிந்துவிடும்.