அம்மாவின் சேலையில் போர்வை: எதை வெட்டலாம், எதை விடலாம்?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். போன வருஷம் அம்மா தவறிவிட்டார். அவருடைய சேலைகளில் ஏழு என் பங்குக்கு வந்தன. இரண்டு பட்டு, மூன்று காட்டன், இரண்டு இளம்பிள்ளையில் எடுத்தவை. ஏற்காட்டில் எஸ்டேட் வேலையில் இருக்கும் அண்ணனுக்கு ஒன்று, தங்கையின் ஆறு மாதக் குழந்தைக்கு ஒன்று, எனக்கு ஒன்று என மூன்று ஒட்டுப்போர்வை தைக்க ஆசை. வீட்டில் கால் மெஷின் இருக்கிறது. ப்ளவுஸ், நைட்டி தைப்பேன். பட்டையும் காட்டனையும் சேர்த்துத் தைக்கலாமா? உள்ளே இலவம் பஞ்சு வைக்கச் சொல்கிறார்கள், சரியா? கத்திரி வைக்கத்தான் மனசு வரமாட்டேன் என்கிறது.

பதில்: கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். போர்வைக்காகச் சேலை முழுவதையும் வெட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் பலரும் பெட்டியை மூடி வைத்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் போர்த்திக்கொள்ள 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம் போதும். பத்து அங்குலக் கட்டமாக வைத்தால் வரிசைக்கு 6, மொத்தம் 9 வரிசை, ஆக 54 கட்டங்கள். தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் விட்டு, ஒவ்வொன்றையும் பத்தரை அங்குலமாக வெட்ட வேண்டும். சேலையின் அகலம் ஏறக்குறைய 46 அங்குலம். அதில் நான்கு கட்டம் விழும். மூன்று வரிசை வெட்டினால் 12 கட்டம், செலவாகும் நீளம் 32 அங்குலத்துக்குள். ஐந்து சேலையிலிருந்து இப்படி எடுத்தால் 60 கட்டம் வந்துவிடும். ஆறு மிச்சம்கூட இருக்கும். ஐந்தரை மீட்டர் சேலையில் ஒரு கெஜம்கூடப் போகவில்லை. இரண்டு பெரிய போர்வைக்கும் சேர்த்து வெட்டினாலும் ஒவ்வொரு சேலையிலும் மூன்றரை மீட்டருக்கு மேல், முந்தானையோடு, அப்படியே நிற்கும். நாளைக்கு அண்ணன் மகளுக்குத் தாவணி தைக்கலாம்.

இடுப்பில் முதலில் செருகும் முனையிலிருந்து வெட்டுங்கள். வெயில் படாத இடம், சாயம் அதிகம் போயிருக்காது. ஃபால்ஸ் பிரித்த இடத்தில் ஊசித்துளை வரிசையாகத் தெரியும். அந்தத் துளைகள் தையலுக்குள் மறையும்படி கட்டத்தை நகர்த்திக்கொள்ளுங்கள். கரை விழும் துண்டுகளை ஒதுக்கிவிடாதீர்கள். அம்மாவின் சேலை என்று கரையைப் பார்த்துத்தான் அண்ணனுக்கு அடையாளம் தெரியும்.

வெட்டுவதற்கு முன் துணியைச் சோதிக்க வேண்டும். இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்துத் துணியைப் பிடித்து, பாவு வாக்கில் (நீளப்போக்கில்) ஒரு முறை, ஊடை வாக்கில் (குறுக்கே) ஒரு முறை வெடுக்கென்று இழுங்கள். நூல் விலகினாலோ, சின்னதாகக் கிழியும் சத்தம் கேட்டாலோ அந்தப் பகுதி போர்வைக்கு ஆகாது. அப்புறம் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உட்காருமிடம், முழங்கால் படுமிடம் எல்லாம் சல்லடைக்கண்ணாகத் தெரியும்.

இளம்பிள்ளைச் சேலைகளில் என்ன நூல் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது கஷ்டம், பல சேலைகள் கலப்பு நூல். ஓரத்தில் நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையும் பறக்கும் சாம்பலும் வந்தால் பருத்தி அல்லது விஸ்கோஸ். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர். பாலியஸ்டரைப் போர்வையில் தாராளமாகச் சேர்க்கலாம், நன்றாக உழைக்கும். இஸ்திரிப் பெட்டியை மட்டும் காட்டன் சூட்டில் வைத்துவிடாதீர்கள்.

பட்டு விஷயத்தில் என் கருத்து கறாரானது: போர்த்தித் துவைக்கிற போர்வையில் வேண்டாம். மடித்தே கிடந்த பழைய பட்டு மடிப்புக் கோட்டில் விட்டுவிடும். சரிகை கன்னத்தில் உரசும். நாலு முறை துவைத்தால் காட்டன் துண்டுகள் நன்றாக இருக்க, பட்டுத் துண்டுகள் மட்டும் நைந்து தொங்கும். ஆசை விடவில்லை என்றால் உங்கள் போர்வையில் மட்டும், தலைமாட்டுப் பக்கம் ஒரே ஒரு வரிசை வையுங்கள். ஒவ்வொரு பட்டுத் துண்டுக்கும் அடியில் ப்ளவுஸ் லைனிங் துணியை அதே அளவில் வெட்டி, இரண்டையும் ஓரத்தில் சேர்த்துத் தைத்துக்கொண்டு, அதன்பிறகு ஒரே துணியாகக் கையாளுங்கள். அந்தப் போர்வை டிரை வாஷுக்குத்தான் போக வேண்டும். மீதிப் பட்டில் சித்தி, அத்தை, அம்மாவின் சிநேகிதிகள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு சுருக்குப் பை தைக்கலாம். எட்டுக்குப் பத்து அங்குலத் துண்டு இரண்டு, லைனிங் இரண்டு, ஒரு கயிறு. அரை மணி வேலை.

சாயத்துக்கு வருவோம். மெரூன், கருநீலம், அரக்குச் சிவப்பு மூன்றும் சந்தேகக் கேஸ். வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்பாதீர்கள். சாயமேற்றி முடிந்த துணியில் உப்போ வினிகரோ சாயத்தைப் பிடித்து வைக்காது. தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். அப்படியும் தெளியாத சேலையை விட்டுவிட வேண்டியதுதான்.

இப்போது உள்ளே வைப்பது. இலவம் பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் ராஜா. ஆனால் அதன் இழை குட்டை, வழவழப்பு வேறு. மெத்தை உறைக்குத் தடித்த, நெருக்கமான துணி போடுவது இதனால்தான். சேலைத் துணியில் வைத்தால் ஊசித்துளை வழியாக வெளியே வரும், துவைத்தால் ஒரு மூலையில் கட்டியாகச் சேரும். சேலத்தில் இருக்கும் உங்களுக்கு உள்ளே பஞ்சே தேவையில்லை. பழைய மல் வேட்டி ஒன்றை நடுவில் விரித்தால் போதும். வங்காளத்துக் காந்தாவும் மகாராஷ்டிரத்துக் கோதடியும் இப்படிப் பழைய துணியை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டவைதான். உங்களுடையதைக் கையாலேயே தைக்கலாம்.

அண்ணனுடையது வேறு கதை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே குளிரை விட ஈரம்தான் பெரிய தொல்லை. மழை மாதங்களில் மூட்டம் இறங்கிவிட்டால் தடித்த பருத்தி எதுவும் லேசில் காயாது, பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் பாலியஸ்டர் வாடிங் ஷீட், அதாவது போர்வைக்குள் வைக்கும் பஞ்சு விரிப்பு, வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 100 முதல் 150 கிராம் எடை போதும். அதற்கு மேல் போனால் கால் மெஷினின் பாதத்துக்கு அடியில் நுழைப்பதே பாடு.

அடித்துணிக்கு அம்மாவின் சேலை வேண்டாம், வேறு பழைய காட்டன் சேலை ஒன்று எடுங்கள். 94 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை முழு அகலத்திலும் இன்னொன்றை 20 அங்குல அகலத்திலும் இணைத்தால் சுற்றிலும் ஏறக்குறைய இரண்டு அங்குலம் கூடுதலாக வரும். மிச்சத்தில் இரண்டரை அங்குலப் பட்டை நான்கு கிழித்தால் ஓரப்பட்டிக்கும் ஆயிற்று.

மூன்று அடுக்கையும் தரையில் விரிக்கும்போது அடித்துணியின் நாலு ஓரத்தையும் டேப்பால் தரையோடு ஒட்டிவிடுங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பல்பட்டு விட்டால் பின்பக்கம் சுருக்கம் விழுவது நிச்சயம். ஒரு கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்துங்கள், நடுவிலிருந்து வெளியே. மெஷினில் 14ஆம் நம்பர் புது ஊசி, தையல் நீளம் அங்குலத்துக்கு எட்டு, பாதத்தின் அழுத்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். போர்வையை இரண்டு பக்கமும் பாய் போலச் சுருட்டிக்கொண்டு, நடுக்கோட்டை முதலில் ஓட்டுங்கள். எல்லாக் கோட்டையும் ஒரே திசையில் தைத்தால் துணி இழுபடும். ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து. கட்டத்தின் இணைப்பில் ஒரு கோடு, உள்ளே சம இடைவெளியில் இரண்டு கோடு ஓட்டினால் வாடிங் நகராது.

தங்கையின் குழந்தைக்கு 40 அங்குலச் சதுரம், 16 கட்டம், காட்டன் மட்டும், சரிகையும் பொத்தானும் இல்லாமல். ஒரு வயது முடியும்வரை அதைப் போர்த்தியோ அடியில் விரித்தோ குழந்தையைத் தூங்கவைக்கக் கூடாது. மெத்தென்ற துணி முகத்தில் விழுந்தால் அதற்கு விலக்கத் தெரியாது, மூச்சு முட்டும். விழித்திருக்கும்போது தரையில் விரித்துக் குப்புறப் போட்டு, பக்கத்திலேயே இருந்து விளையாட்டுக் காட்டலாம். தங்கையிடம் இதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். இன்னொன்று, இந்தத் துணியோடு அந்துருண்டை போட்டு வைக்க வேண்டாம். ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு நொதி குறைவாக இருப்பது) உள்ள குழந்தைகளுக்கு அது ரத்த அணுக்களையே உடைக்கும். பெட்டியில் ஏற்கெனவே அந்துருண்டை கிடந்திருந்தால் துணியைத் துவைத்து, வாசனை போகும்வரை வெளியில் காற்றாட விட்டு எடுங்கள்.

வரிசை என்று கேட்டால், குழந்தையுடையதை முதலில் தையுங்கள். சின்னது, மெஷின் எங்கே முரண்டு பிடிக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். அடுத்து அண்ணனுடையது, மார்கழிக் குளிருக்கு முன் மலையேற்றிவிடலாம். உங்களுடையது கைத்தையல், அவசரமில்லை.