இன்னொரு பேட்டரி வாங்கும் முன் ஒயரைப் பாருங்கள்

கேள்வி: ஊர் பொள்ளாச்சி. பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, சின்னச் சமையல் மேடை, வீட்டு ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றினோம். 1100 விஏ இன்வெர்ட்டர், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி. போன மாதம் வால்பாறையில் தங்கியபோது ரைஸ் குக்கரைப் போட்டதும் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி அணைந்துவிட்டது. விடிகாலை நான்கு மணிக்கு ஃபேனும் நின்றுவிட்டது. காலையில் வண்டியே ஸ்டார்ட் ஆகவில்லை. வேலை செய்து கொடுத்த கடைக்காரர், இன்னொரு 150 ஏஎச் பேட்டரி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வது மூன்று தனித்தனிக் கோளாறுகள். அவற்றில் இரண்டுக்குப் புது பேட்டரியால் எந்தப் பயனும் இல்லை. தொட்டியைப் பெரிதாகக் கட்டினால் குழாய் பெரிதாகிவிடுமா?

முதலில் குக்கர். 1100 என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது விஏ. வாட் கணக்கில் அது ஏறக்குறைய 880தான். இந்த எண்ணைப் பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் போடுவார்கள், அல்லது போடவே மாட்டார்கள். உங்கள் குக்கர் 700 வாட் என்றால், அதை மட்டும் போடும்போது ஓடியாக வேண்டும். கூடவே ஃபிரிட்ஜ் ஓடினால் இன்னொரு நூறு, அப்போதும் 800தான். ஆனால் ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் அணைந்து மறுபடி எழும் அந்த நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்து மடங்குக்கு மேலும் இழுக்கும். இன்வெர்ட்டர் அங்கேதான் கையை விரிக்கிறது. சோறு வேகும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். உள்ளே இருக்கும் பால் கெட்டுவிடாது.

ஃபிரிட்ஜை அணைத்த பிறகும் குக்கர் ஓடவில்லையா? அணையும்போது எந்த விளக்கு எரிந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ‘ஓவர்லோடு’ விளக்கா, ‘லோ பேட்டரி’ விளக்கா? இரண்டாவது என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு கேசில் நான் பேட்டரியைத் தொடவே மாட்டேன். ஒயரைத்தான் பார்ப்பேன். வீட்டில் 230 வோல்ட்டில் குக்கர் மூன்று ஆம்பியர் எடுக்கும். அதே குக்கருக்கு, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் 70 ஆம்பியர் இழுக்க வேண்டும். ஃபிரிட்ஜும் சேர்ந்தால் 80. வண்டி வேலை செய்யும் பல கடைகளில் இதற்கு வீட்டு ஏசிக்கு இழுக்கும் 6 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போட்டுவிடுகிறார்கள். பேட்டரி பின் சீட்டுக்கு அடியில், இன்வெர்ட்டர் மூன்று மீட்டர் தள்ளி என்றால், போய் வர ஆறு மீட்டர். 80 ஆம்பியரில் அந்த ஒயரிலேயே ஒன்றரை வோல்ட் காணாமல் போகும். பேட்டரியில் 11.8 இருந்தாலும் இன்வெர்ட்டருக்குப் போய்ச் சேர்வது 10.3. பத்தரைக்குக் கீழே போனால் அணைந்துகொள்ளும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். அது பொய் சொல்லவில்லை. கூடவே நூறு வாட்டுக்கு மேல் ஒயரில் வெறும் சூடாகப் போகிறது, அதுவும் உங்கள் படுக்கைக்கு அடியில்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். குக்கர் ஓடும்போது பேட்டரி முனையில் ஒரு தடவை, இன்வெர்ட்டர் முனையில் ஒரு தடவை வோல்ட் பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒயரைத் தூக்கிப்போட்டுவிட்டு 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போடுங்கள். இன்வெர்ட்டரைப் பேட்டரி பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டால் இன்னும் நல்லது. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 125 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். என்னிடம் வரும் வண்டிகளில் பாதியில் அது இருப்பதில்லை.

விடிகாலை நின்றுபோன ஃபேனுக்கு வருவோம். இது உண்மையிலேயே பேட்டரிக் கணக்கு. 150 ஏஎச்சை 12ஆல் பெருக்கினால் 1800 வாட்-மணி. டியூபுலரைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும், அதனால் கைக்கு 900. இன்வெர்ட்டர் தன் பங்குக்கு 15 சதவீதம் தின்றுவிட்டு ஏறக்குறைய 750 தரும். இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு தடவை குக்கர் 300, ஐம்பது வாட் ஃபேன் இரண்டு எட்டு மணி நேரத்துக்கு 800, ஃபிரிட்ஜ் ஒரு 250. மொத்தம் 1350. எதுவும் ஓடாவிட்டாலும் இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருப்பதற்கே பத்து, இருபது வாட் குடிப்பதை நான் இதில் சேர்க்கவில்லை. நான்கு மணி வரை தாங்கியதே பெரிது. பாதியைத் தாண்டி அடி வரை உறிஞ்சியதால்தான் தாங்கியது. குக்கருக்குப் பதில் கேஸ் அடுப்பு, ஃபேன்களுக்குப் பதில் நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் சின்ன ஃபேன்கள் என்று மாற்றினாலே செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும். சிலிண்டரைப் பேட்டரி இருக்கும் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள்.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம், வண்டி பேட்டரியையும் இன்வெர்ட்டர் பேட்டரியையும் ஒரே ஒயரில் கட்டிவிட்டதுதான். இரவெல்லாம் இரண்டும் சேர்ந்து காலியாகியிருக்கின்றன. நடுவில் ஒரு ஐசொலேட்டர் ரிலே போட்டால் இன்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டும் சேரும். பிஎஸ்-6 (2020 முதல் வந்த புகை விதி) வண்டியாக இருந்தால் ரிலே போதாமல் போகலாம், அப்போது வண்டியிலிருந்து வரும் வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர்தான். இதிலும் மெல்லிய ஒயர் போட்டிருந்தால் மூன்று மணி நேரம் மலை ஏறினாலும் பேட்டரி சரியாக ஏறாது.

இரண்டாவது பேட்டரியைச் சேர்க்கவே கூடாதா என்றால், ஒரே ஒரு நிலையில் சேர்க்கலாம். முதல் பேட்டரி வாங்கிச் சில மாதம்தான் ஆகியிருக்க வேண்டும். அதே கம்பெனி, அதே மாடல், அதே ஏஎச். இரண்டையும் தனித்தனியாக முழு சார்ஜ் ஏற்றி, ஒரு ராத்திரி சும்மா விட்டு, மறுநாள் வோல்ட் அளந்து, ஒரே மாதிரி இருந்தால்தான் இணைக்க வேண்டும். பிளஸ் ஒயரை முதல் பேட்டரியிலிருந்தும் மைனஸ் ஒயரை இரண்டாவதிலிருந்தும் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அதுதான் அதிக வேலை செய்து சீக்கிரம் சாகும். இரண்டு வருடப் பழசோடு புதுசைக் கட்டினால், பழசு புதுசையும் தன் நிலைமைக்கு இழுத்துவிடும். கடைக்காரருக்கு ஆறு மாதத்தில் இன்னொரு வியாபாரம்.

அடுத்து அவர் “லித்தியம் போட்டுடலாம் சார், பாதி விலை” என்பார். பழைய எலக்ட்ரிக் வண்டிகளிலிருந்து கழற்றிய செல்களுக்குப் புது நீல உறை மாட்டி விற்கிறார்கள். 12 வோல்ட், 100 ஏஎச் லித்தியம் பெரும்பாலும் பத்துக் கிலோவுக்குக் குறையாது. ஆறு கிலோதான் என்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். எடை சரியாக இருந்தாலும், முழு சார்ஜ் ஏற்றி ஒரு 60 வாட் ஹெட்லைட் பல்பைக் கட்டிக் கடிகாரத்தைப் பாருங்கள். இருபது மணி நேரத்தை ஒட்டி எரிய வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்தில் அணைந்தால் அது 60 ஏஎச். இந்தச் சோதனையை டியூபுலரில் செய்து அதைக் கொன்றுவிடாதீர்கள்.

இப்போதைய டியூபுலரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? படுக்கைக்கு அடியில் என்றால் வெளிக்காற்றுக்குக் குழாய் விட்ட மூடிய பெட்டிக்கு மாற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது அது ஹைட்ரஜன் விடும். மலைப் பாதையில் ஆசிட் தளும்பும். போன வருடம் என்னிடம் வந்த ஒரு வேனில் ஜமுக்காளம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. எலி கடித்தது என்று நினைத்திருந்தார்கள். பேட்டரியைத் தூக்கினால் அடித்தகடே துருவாக உதிர்ந்தது.

கடைசியாக, இந்த மாற்றங்கள் ஆர்சியில் ஏறியிருக்கின்றனவா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரித்த கம்பெனி முதலில் குறித்தவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. ‘ஏஜென்ட் பார்த்துக்குவார்’ என்பார்கள். அவர் பணம் வாங்குவதைப் பார்த்துக்கொள்வார். மோட்டார் கேரவனுக்கு விதிகளில் தனி வகையே இருக்கிறது. ஆனால் ஆர்டிஓ கவுன்டரில் போய்க் கேட்டால் ‘ஆம்புலன்ஸா சார்?’ என்று கேட்கிறார்கள். நாலு தடவை அலைந்தாலும் நேரில் போய் எழுதி வாங்குங்கள். ஒயர் சூடாகித் தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

கேபிளை மாற்றி, ஐசொலேட்டர் போட்டு, அடுப்பையும் ஃபேன்களையும் மாற்றிவிட்டு, ஓர் இரவு வீட்டு வாசலிலேயே வேனில் படுத்துப் பாருங்கள். காலையில் எல்லாவற்றையும் அணைத்து ஒரு மணி நேரம் கழித்து பேட்டரியில் வோல்ட் அளந்து பாருங்கள். 12.2 அல்லது அதற்கு மேல் இருந்தால் வால்பாறைக்குக் கிளம்பலாம். குறைந்தால், பேட்டரி வாங்கிய தேதியையும் அந்த எண்ணையும் எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.