35 கிலோ குறைய 45,000 யூரோவா?

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். பல வருடச் சேமிப்பில் பழைய போர்ஷே 718 கேமன் ஒன்று வாங்கப் போகிறேன். அதில் ஜிடி4 மாடல் போதுமா, இல்லை எடை குறைத்த ஜிடி4 ஆர்எஸ்-ஐத் தேடிப் பிடிக்கவா? வருடத்தில் மூன்று நான்கு முறை நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்குக்குப் போவேன், மற்ற நாளெல்லாம் ஆபீஸுக்கும் அதே கார்தான்.

பதில்: ஜிடி4 வாங்குங்கள், அதுவும் மேனுவல் கியரில்.

முதலில் அந்த 'எடை குறைத்த' என்ற பேச்சை ஓரம் வைத்துவிடலாம். பிடிகே (போர்ஷேயின் ஆட்டோமேட்டிக்) கியர் உள்ள ஜிடி4-ஐ விட ஆர்எஸ் 35 கிலோ குறைவு, அவ்வளவுதான். 54 லிட்டர் பெட்ரோல் போட்டாலே 40 கிலோ வந்துவிடும். மேனுவல் ஜிடி4 பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் வெறும் 5 கிலோ, 1,420-க்கு 1,415. கார்பன் ஃபைபர் பானெட், மெல்லிய பின்கண்ணாடி, குறைந்த கார்பெட் என்று இத்தனை செய்து கிடைத்தது இதுதான்.

ஜெர்மனியில் 2019-ல் ஜிடி4 வந்தபோது சுமார் 96,000 யூரோ, 2021 கடைசியில் ஆர்எஸ் வந்தபோது 1,41,000-ஐத் தாண்டியது. அந்த 45,000-ல் பெரும்பங்கு எஞ்சினுக்குத்தான் என்பேன். இரண்டிலும் டர்போ இல்லாத 4 லிட்டர், ஆறு சிலிண்டர், ஆனால் ஒரே எஞ்சின் இல்லை. ஆர்எஸ்-ல் இருப்பது 911 ஜிடி3-யின் எஞ்சின், 420 குதிரைத்திறனுக்குப் பதில் 500, 9,000 ஆர்பிஎம் வரை சுற்றும். சீட்டுக்குப் பின்னால் சின்ன ஜன்னல் இருந்த இடத்தில் காற்று உறிஞ்சும் துளை வைத்திருக்கிறார்கள், அதனால் எஞ்சின் உங்கள் காதுக்குப் பின்னாலேயே மூச்சு வாங்கும். நண்பர் ஒருவரின் காரில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் பத்து நிமிடம் சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன், ஒரு மணி நேரம் ஆட்டோபானில் போனதும் எப்போது இறங்குவோம் என்று இருந்தது. சஸ்பென்ஷனும் அப்படித்தான், ரோட்டில் கோடு போட்டிருந்தால்கூடத் தெரியும். தினமும் ஆபீஸுக்கு இதிலா?

நூர்பர்க்ரிங்கில் 20.6 கிலோமீட்டரை ஆர்எஸ் 7 நிமிடம் 4.5 விநாடியில் சுற்றியது, ஜிடி4-ஐ விட 23.6 விநாடி வேகம் என்று போர்ஷே சொல்கிறது. உண்மைதான், ஆனால் ஓட்டியவர் யோர்க் பெர்க்மைஸ்டர், பந்தயமே தொழிலாக இருந்தவர். நீங்கள் போகிற, பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்களில் சாலை விதிகள்தான் பொருந்தும், நேரம் பார்த்து ஓட்டக் கூடாது, திருப்பத்தில் முன்னால் யாரோ குடும்பத்தோடு வேனில் போய்க்கொண்டிருப்பார்கள். கம்பித் தடுப்பில் இடித்தால் அதற்கும் பில் உங்களுக்கு வரும், பல இன்ஷூரன்ஸ்களில் இந்த ஓட்டத்துக்கே கவரேஜ் கிடையாது, பாலிசியைத் தேடி எடுத்துப் படித்துவிடுங்கள்.

மிச்சமாகிற பணத்தில் நல்ல பிரேக் பேட், அடிக்கடி புது பிரேக் ஆயில், டயர், அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு பயிற்சியாளர். உங்கள் நேரம் அதில்தான் குறையும். வேறு கார் வீட்டில் இருந்து, மாதம் ஒரு தடவையாவது டிராக்குக்குப் போகிறவர் கேட்டிருந்தால் ஆர்எஸ் என்றே சொல்லியிருப்பேன், விற்கும்போதும் அது விலை நிற்கும் (ஆனால் பிடிகே மட்டும்தான், கிளட்ச் மிதிக்கும் சுகம் கிடையாது).

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். மேனுவல் ஜிடி4 பழையது வாங்கும்போது சர்வீஸ் சென்டரில் ஓவர்-ரெவ் ரிப்போர்ட் (எஞ்சின் எப்போதாவது எல்லை மீறிச் சுற்றியதா என்ற பதிவு) எடுக்கச் சொல்லுங்கள். முன்னாடி வைத்திருந்தவர் அவசரத்தில் ஐந்துக்குப் பதில் மூன்றாவது கியரைப் போட்டிருந்தால் அதில் தெரிந்துவிடும், தரமாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.