கைதிக்குத் தாழ்வாரமே வேண்டாம்

கேள்வி: நகர நடுவில், குறுகலான மனையில் 12 நீதிமன்ற அறைகள் கொண்ட பல மாடி வளாகம் வரைகிறேன். நீதிபதி, கைதி, பொதுமக்கள் மூவருக்கும் தனி வழி வேண்டும். மாடி முழுக்கத் தாழ்வாரமாகவே போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முகப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இரண்டு நீதிமன்ற அறைகளை அருகருகே வரைந்து அங்கிருந்து தொடங்குங்கள். நடுவில் கைதிகளுக்கான லிஃப்ட், அதை ஒட்டி இரண்டு சிறு காவல் அறைகள். போலீஸ் வேன் வந்து நிற்கும் அடித்தளத்திலிருந்து லிஃப்ட் நேரே இங்கே வரும். கதவைத் திறந்தால் நீதிமன்றம். கைதிக்கென்று எந்த மாடியிலும் தாழ்வாரம் தேவைப்படாது. பின்னால் நீதிபதிகள் வழி, முன்னால் பொதுமக்கள் கூடம், அவ்வளவுதான். மாடிக்கு நான்கு அறை என்றால், மூன்று மாடிக்கும் இரண்டே லிஃப்ட் போதும்.

அப்புறம், கூட்டம் கூடும் அறைகளைக் கீழேயே வையுங்கள். இத்தாலியக் கட்டிடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்து 2018-ல் திறக்கப்பட்ட பாரிஸ் நீதிமன்றம் 160 மீட்டர் உயரம். ஆனாலும் அதன் 90 நீதிமன்ற அறைகள் கோபுரத்தின் உச்சியில் இல்லை, அகலமான அடிப்பகுதியில்தான் இருக்கின்றன. மேலே அலுவலகங்கள்.

மிச்சமாகும் இடத்தைத் தயவுசெய்து காத்திருப்புக் கூடத்துக்குக் கொடுங்கள். வரைபடங்களில் நான் முதலில் தேடுவது அதைத்தான். உள்ளே பத்து நிமிடம் பேசப்போகிற ஒரு பெண் வெளியே நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். ஒரே நீள பெஞ்சில் எதிர்த்தரப்பின் உறவினர்கள் பக்கத்திலேயே இருந்தால், சாட்சி சொல்வதற்கு முன்பே அவர் குரல் அடங்கிவிடும். கூடத்தின் இரு முனைகளிலும் ஒன்றையொன்று பார்க்க முடியாத இரண்டு ஒதுக்கிடங்கள் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜன்னலும், வழக்கறிஞரோடு கதவைச் சாத்திப் பேச ஒரு சிற்றறையும் இருக்கட்டும். கழிப்பறைக்குப் போகும் வழியும் எதிர்த்தரப்பின் முன்னால் போகக் கூடாது. பயந்திருக்கும் சாட்சிகள் பொதுக்கூடத்துக்கே வராமல் உள்ளே போகத் தனி அறையும் வழியும் வேண்டும்.

கடைசியாகத் தூண்கள். நீதிமன்ற அறைக்குள் தூண் நிற்கக் கூடாது. நீதிபதி, சாட்சி, வழக்கறிஞர் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் தடையில்லாமல் பார்க்க வேண்டும். அதனால் அறையின் அகலத்தை வைத்துத் தூண்களை முடிவு செய்யுங்கள், அதே தூண்கள் இறங்கும் அடித்தளக் கார் நிறுத்துமிடம் அதற்கேற்ப அமையட்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரிடம் போன பிறகு எல்லா மாடிகளையும் திரும்ப வரைகிறார்கள்.