பதினொன்றாம் வகுப்பில் அமெரிக்க இலக்கியம்: கேள்வி பதில்

கேள்வி: மேடம், 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலைப் பற்றி என் மகள் எழுதிய கட்டுரையை "வெறும் கதைச் சுருக்கம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மேற்கோளெல்லாம் காட்டித்தான் எழுதியிருக்கிறாள்.

பதில்: கேட்ஸ்பி காதலிக்கும் டெய்சியின் வீட்டுப் படகுத்துறையில் எரியும் பச்சை விளக்கைப் பற்றித்தானே எழுதியிருப்பாள்? "அது கேட்ஸ்பியின் நம்பிக்கையைக் குறிக்கிறது" என்று வகுப்பே எழுதும். அது எங்கெங்கே வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் அத்தியாய முடிவில், இருட்டில், தண்ணீருக்கு அக்கரையில் தெரியும் அந்த விளக்கை நோக்கிக் கேட்ஸ்பி கையை நீட்டி நடுங்குகிறான். ஐந்தாம் அத்தியாயத்தில் டெய்சி பக்கத்திலேயே நிற்கிறாள். அன்று மூடுபனி, விளக்கு தெரியவில்லை. இனி அது வெறும் படகுத்துறை விளக்குதான் என்று கதைசொல்லி நிக்குக்குத் தோன்றுகிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில், கேட்ஸ்பி செத்த பிறகு, அதுவே எல்லோருடைய ஏக்கமுமாகிவிடுகிறது. ஆசைப்பட்டது கைக்கு எட்டியதும் அதன் மாயம் போய்விடுகிறது என்று எழுதினால் அது வாதம்.

பத்தியின் முதல் வாக்கியத்தில் வாதம் வரட்டும். மேற்கோள் எட்டுப் பத்துச் சொல் போதும். பிறகு இரண்டு மூன்று வாக்கியம் அந்தச் சொற்களைப் பற்றியே இருக்க வேண்டும். மேற்கோளை அடுத்து "இதன் பிறகு" என்று எழுதினால் கதை சொல்லத் தொடங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

கேள்வி: 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலில் நாற்பது பக்கம் தாண்டவில்லை. இன்னும் கதையே தொடங்கவில்லை!

பதில்: நீங்கள் படிப்பது சுங்க அலுவலகம் பற்றிய முன்னுரை. ஆசிரியர் படிக்கச் சொல்லாவிட்டால் கடைசிக்குத் தள்ளுங்கள். கதை 24 அத்தியாயம். தண்டனை மேடைக் காட்சிகள் மூன்று: 2-3, 12, 23. ஒவ்வொன்றிலும் மேடையில் யார் நிற்கிறார்கள், யார் ஒளிகிறார்கள் என்று குறித்துக்கொண்டாலே பாதிக் கட்டுரை தயார்.

கேள்வி: ஆர்தர் மில்லரின் 'தி க்ரூசிபிள்' நாடகத் தேர்வில் "சூனியக்காரிகளை எரித்தார்கள்" என்று எழுதினேன். மதிப்பெண் போய்விட்டது.

பதில்: போகத்தான் செய்யும். நாடகத்துக்கு அடிப்படையான சூனிய வழக்குகளில், 1692இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் யாரையும் எரிக்கவில்லை. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், குற்றம் சாட்டப்பட்ட ஜைல்ஸ் கோரி மீது கல்லை ஏற்றி நசுக்கினார்கள். இன்னொன்று: மற்றவர்கள் மீது சூனியக் குற்றம் சாட்டும் அபிகெயிலுக்கு நாடகத்தில் 17 வயது, நிஜத்தில் பதினொன்றோ பன்னிரண்டோதான். நாடகத்தின் நாயகன் ப்ராக்டருடன் அவளுக்கு உறவு என்பது மில்லரின் கற்பனை. அதை வரலாறு என்று எழுதாதீர்கள். நாடகம் வந்தது 1953, அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம். "ஏன் சேலம்?" என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: எமிலி டிக்கின்சன் கவிதை இணையத்தில் ஒரு மாதிரி, பாடப்புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறதே?

பதில்: அவர் இறந்த பிறகு 1890இல் பதிப்பித்தவர்கள் அவர் போட்ட டேஷ் கோடுகளை நீக்கி, தலைப்புச் சூட்டி, சில சொற்களையும் மாற்றினார்கள். 'பிகாஸ் ஐ குட் நாட் ஸ்டாப் ஃபார் டெத்' கவிதையில் ஒரு பத்தியே காணாமல் போனது. 1955இல் வந்த ஜான்சன் பதிப்புதான் அவற்றை மீட்டது. இணையத்தில் பழைய பதிப்பே நிறையக் கிடைக்கும். கோடுகளைப் பற்றி எழுதப்போகிறவர்கள் அதிலிருந்து மேற்கோள் எடுத்தால் அதோகதிதான்.

கேள்வி: ஏ.பி. லாங்குவேஜ் (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் ஆங்கிலப் பாடம்) எடுத்தால் இதெல்லாம் தேர்வில் வருமா?

பதில்: இந்த நாவல்களைப் பற்றி நேரடிக் கேள்வி வராது. அது உரைநடை, பேச்சு, வாதம் சார்ந்த தேர்வு. மூன்று கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளி. அதில் 4 ஆதாரத்துக்கும் விளக்கத்துக்கும். நாவல் கேள்வி வருவது ஏ.பி. லிட்டரேச்சரில்.