மறுவாழ்வு நிலையத்திலிருந்து வந்தவர் மீண்டும் ஹெராயினைத் தொட்டால் ஏன் கூடுதல் ஆபத்து?

தாங்குதிறன் இறங்கிவிடுவதுதான் காரணம். தொடர்ந்து ஹெராயின் எடுக்கும் உடம்பு அதற்குப் பழகி, அதே போதைக்கு அதிக அளவு கேட்கும், இதுதான் தாங்குதிறன். சில வாரம் நிறுத்தினாலே அது குறையும், ஆனால் கைக்குப் பழைய அளவுதான் நினைவிருக்கும். மாதக்கணக்கில் பத்தியம் இருந்தவர் சிங்கப்பூரின் தேக்காவில் காரமான மீன் தலைக் கறியை ஒரு பிடி பிடித்தால் வயிறு என்னாகும்? சரி, அது வயிற்றோடு போகும். ஹெராயின் மந்தமாக்குவது மூச்சை இயக்கும் மூளைப் பகுதியை, மூச்சே நின்றுவிடலாம். வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் இந்த ஆபத்து மிக அதிகம். சிங்கப்பூரில் விடுதலைக்குப் பிறகும் 5 ஆண்டு வரை கண்காணிப்பும் சோதனையும் உண்டு; ஆனால் கண்காணிப்பு தாங்குதிறனைத் திருப்பித் தராது.

‘இத்தனை மாதம் சுத்தமாக இருந்த உடம்பு, தாங்கும்’ என்று சிலர் நினைக்கிறார்கள். அது தலைகீழ்க் கணக்கு: சுத்தமாக இருந்ததால்தான் தாங்காது.