கோர்த்த மாலை ஏன் அறுந்துபோகிறது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். வீட்டிலேயே மணி மாலை கோர்த்துப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிறேன். கண்ணாடி மணிகளை மீன்பிடி நைலான் நரம்பில் கோர்த்து, முடிச்சுப் போட்டு, நுனியை லைட்டரால் உருக்கிவிடுவேன். ஒரு மாதத்திற்குள் அறுந்துவிட்டது என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். 600 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பெட்டி வாங்கினால் அறுந்துபோகாத கம்பியும் மணியும் கிடைக்கும், கோர்த்த மாலைகளைப் பெட்டி விற்பவர்களே காசு கொடுத்து எடுத்துக்கொள்வார்கள் என்கிறார் தெரிந்த அக்கா ஒருவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. மாலை அறுவதை நிறுத்த அந்தப் பணத்தில் சிறு பங்கே போதும்.

மீன்பிடி நரம்பு வழுவழுப்பானது, முடிச்சு நிற்காது. வெயில் பட்டுப் பட்டு மொறுமொறுத்துப்போகும். நெருப்புக் காட்டிய இடம் இன்னும் பலவீனமாகிவிடும். போதாக்குறைக்கு, மலிவான கண்ணாடி மணியின் துளை விளிம்பு கூராக இருக்கும். கழுத்து அசையும்போதெல்லாம் அது நரம்பைத் தேய்க்கிறது.

மெல்லிய எஃகு இழைகளை முறுக்கி, மேலே நைலான் பூசிய நகைக் கம்பியைக் கேட்டு வாங்குங்கள். 7, 19, 49 இழைகளில் வரும். இழை கூடினால் நன்றாக வளையும், விலையும் ஏறும். உங்களுக்கு 19 இழை, 0.38 மில்லிமீட்டர் போதும். 45 சென்டிமீட்டர் மாலைக்கு 65 சென்டிமீட்டர் வெட்டுங்கள். முடிச்சே வேண்டாம். கிரிம்ப் என்ற குட்டி உலோகக் குழாய்க்குள் கம்பியை விட்டு, கொக்கியின் வளையத்தில் சுற்றி, அதே குழாய் வழியாகத் திரும்ப எடுத்துக் குறட்டால் நசுக்குங்கள். மிச்ச வாலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மணிகளுக்குள் செருகி, அப்புறம் வெட்டுங்கள். மணிகளை நெருக்கி இறுக்காதீர்கள். விறைப்பான மாலை கொக்கி ஓரத்தில்தான் முதலில் அறும்.

முத்துக்கு மட்டும் இது பொருந்தாது. நல்ல முத்து மென்மையானது, கம்பி அதன் துளையைத் தேய்த்து அகலமாக்கிவிடும். அதைப் பட்டு நூலில், ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் முடிச்சுப் போட்டுத்தான் கோர்க்க வேண்டும். நூல் அறுந்தாலும் ஒரு முத்துதான் விழும், மாலை முழுவதும் தரையில் சிதறாது. பட்டு நூல் வியர்வையில் அழுக்கேறித் தளரும், அதனால் அடிக்கடி அணிகிறவர்கள் அவ்வப்போது பிரித்துக் கோர்க்க வேண்டும். யாராவது பழைய முத்துமாலையைக் கொண்டுவந்தால், சொன்ன கூலிக்கு ஒரே இரவில் முடித்துத்தருகிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். முடிச்சுப் போடுவது மெதுவான வேலை. பிளாஸ்டிக் முத்துக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

இனி அந்தப் பெட்டி. மாலையை எடுத்துக்கொள்வோம் என்பார்கள், கொண்டுபோனால் "தரம் போதாது" என்று ஒதுக்குவார்கள். அடுத்து, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிடு என்பார்கள். மாலை விற்ற பணம் இல்லாமல், புதிதாகச் சேருகிறவரின் பணம்தான் கைமாறுகிறது என்றால் அது பிரமிட் திட்டம். மலேசியாவில் நேரடி விற்பனை பற்றிய 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

ஏமாந்த பிறகு பயனீட்டாளர் நடுவர் மன்றத்திற்குப் போகலாம் என்று சொல்வார்கள். 5 வெள்ளி கட்டணம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், எல்லாம் சரி. ஆனால் செய்து விற்பதற்காகப் பொருள் வாங்கியவர் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் பயனீட்டாளரே அல்ல! வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மணி கோர்க்கும் பெண்ணையும் பெரிய வியாபாரியையும் ஒரே வரிசையில் நிறுத்துகிற இந்த விதியை எத்தனை காலம் பொறுத்துக்கொள்வது? தொழில் பயிற்சி என்று கூட்டி, சான்றிதழ் கொடுத்துப் படம் எடுப்பவர்களாவது இதைச் சொல்லித்தரக் கூடாதா?

அந்த அக்காவிடம் ஒன்று கேளுங்கள்: பெட்டி வாங்காமல், என் சொந்தக் கம்பியில் பத்து மாலை கோர்த்துத் தருகிறேன், ரொக்கம் கொடுத்து எடுத்துக்கொள்வார்களா? ஆம் என்றால் பத்து மாலையைக் கொடுத்துப் பணத்தை வாங்குங்கள். பெட்டி வாங்கினால்தான் என்றால் பேச்சை அங்கேயே விடுங்கள்.